ஜீப்புக்குக் கழுத்து கிடையாது

நவம்பர் ஒன்று பிறக்க இன்னும் அறுபத்து நான்கு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை. நானும் மோகனன் அண்ணனும் நெய்யாற்றின்கரையில் ஈசாக்கின் டயர் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினோம். ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டு வெறும் ரிம்கள் கிடந்தன. அந்த ரிம்களுக்குச் சொந்தமான டிரெய்லர் அமரவிளையில், எங்கள் மில் முற்றத்தில், கல்லடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

அண்ணன் அதைப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தான். எடுத்த நாளிலிருந்து அதில் கோழிகள்தான் அடைந்தன. இப்போது அதற்கு ஒரு வேலை வந்திருந்தது. அப்பா காலத்து நெல்லு மில்லின் டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டி குழித்துறைக்குப் போக வேண்டும். ஒன்றாம் தேதிக்கு முன்னால் போக வேண்டும்.

அன்றைக்குக் கேரளம் பிறக்கிறது; தெற்கே நான்கு தமிழ்த் தாலுகாக்கள் மதராஸோடு சேருகின்றன. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா சேரவில்லை. ஐம்பத்து நாலில் அதையும் சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் அண்ணன் போலீஸிடம் அடி வாங்கினான், ஜெயிலுக்கும் போனான். இடது மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்பாது. எல்லைக் கோடு எங்கே விழும் என்று தெரிந்த அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னான்: “கோடு நம்ம பக்கம் வரல்ல. அப்பம் நாம கோட்டுக்கு அங்க போவோம்.” குழித்துறையில் ஒரு ஷெட் பார்த்தான். வீடும் பார்த்தான். செவ்வாய்க்கிழமை எஞ்சின் போகும். புதன்கிழமை நானும் அம்மாவும் சாமான்களோடு போவோம். ஒன்றாம் தேதி முதல் செக்போஸ்ட் வைத்து, மெஷினுக்குப் பெர்மிட் கேட்பார்கள் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். யார் கேட்பார்கள், எங்கே கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்கும் அந்த ஒன்றாம் தேதி வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு விட்டிருந்தார். தமிழ் டிவிஷனில் சயன்ஸ் எடுக்க ஆளில்லை, எடுத்துக்கொண்டிருந்தவர் நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார், நீ வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். ஒன்றாம் தேதி காலையில் வந்து சேர வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கறிக்கு நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நீ இங்க நின்னா நானும் இங்கதான்,” என்றாள். “ஆனா அவன்கிட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா, அம்மை பிள்ளைய பிடிச்சு வெச்சுட்டாள்னு ஆயிரும். எஞ்சின் கோடு தாண்டுதுக்கு முன்ன சொல்லிரு. தாண்டின பொறவு சொன்னா அவன் தனியாத்தான் நிப்பான், ஏமாந்தவன் மாதிரி.”

நான் மெதுவாகப் பேசுகிறவள். சொன்னது கேட்காவிட்டால் திரும்பச் சொல்லும் பழக்கம் இல்லை. சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வேன். இந்த விஷயத்தில் அது நடக்காது என்று தெரியும்.

ஈசாக் மூன்று ஜோடி டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்றும் எங்கள் ரிம்முக்குப் பொருந்தும் ஒரே அளவு. முதல் ஜோடி பட்டாளத்து டயர். பல் ஒவ்வொன்றும் விரல் தடிமன். இரண்டாவது கார் டயர், புதிதாக ரீட்ரெட் போட்டுப் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஜீப்பில் ஓடியது. பல் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

அண்ணன் பட்டாளத்து டயரைக் காலால் தட்டினான். “இது போரும். பல்லப் பாத்தியா.”

நான் குத்தவைத்து அந்த டயரின் பக்கவாட்டை இரண்டு கையாலும் அழுத்தி வளைத்தேன். வளைந்த இடத்தில் மெல்லிய கீறல்கள் வாய் திறந்தன. உள்ளே நூல் தெரிந்தது. மறு டயரிலும் அப்படியே. யுத்தத்திலிருந்து எங்கேயோ வெயிலில் கிடந்த ரப்பர்.

“இது வேண்டாம்,” என்றேன்.

“ஏன்?” என்றான் அண்ணன். நான் வளைத்துக் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது. “சரி. அப்பம் கார் டயர் எடு. புதுசு மாதிரி இருக்கு.”

“அது நாலு பிளை, உள்ள நூலு நாலு அடுக்குதான். நாம ஏத்துற கனத்தைத் தாங்கும். தாங்கினா அதோட சரி. குழியில எறங்கினா மிச்சம் ஒண்ணும் கிடையாது.”

“மோளு காலேஜில படிச்சது டயரா?” என்று ஈசாக் கேட்டார்.

“பி.எஸ்.ஸி. பிசிக்ஸாக்கும்,” என்றான் அண்ணன். அதைச் சொல்லும்போது அவனுக்கு எப்போதும் தோள் கொஞ்சம் நிமிரும். ஜெயிலில் இருந்தபோது அவன் வெளியே சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: ஷியாமளா பரீட்சையை விடக் கூடாது.

நான் எஸ்டேட் டயரைத் தொட்டேன். ஆறு பிளை. பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வளைத்தால் திருப்பித் தள்ளியது.

“இது மொட்டை டயர்லா,” என்றான் அண்ணன்.

“அண்ணா, இழுக்கிற சக்கரத்துக்குத்தான் பல்லு வேணும். அது ஜீப்புல இருக்கு. டிரெய்லர் சக்கரம் சும்மா இழுபட்டுப் போறது. அதுக்கு விலா பலமா இருந்தாப் போரும்.”

ஈசாக் சிரித்தார். “என்றெ கடையில ரெண்டு வருஷமா ஆரும் தொடாத டயராக்கும் அது. மோளு கொண்டு போயிக்கோ.”

நான் சாக்கு தைக்கிற நூல் கொஞ்சம் கேட்டேன். இரண்டு டயரையும் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்த பிறகு ஒவ்வொன்றையும் நூலால் சுற்றி அளந்தேன். வித்தியாசம் அரை விரல்கூட இல்லை. ஒன்று பெரிதாக இருந்தால் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வரும். இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொன்னேன். ஈசாக் பார்த்தார். ஒன்றில் இரண்டு ராத்தல் குறைவாக இருந்தது. அதையும் அடித்து நிரப்பினார்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னிடம் சொன்னான்: “குழித்துறையில ஸ்கூல் உண்டு. ஆளக் கண்டு சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு அங்க ஒரு வேலை வாங்கித் தாறேன்.”

“அண்ணா, எனக்கு…” என்று தொடங்கினேன்.

“என்னது?” பம்ப் சத்தத்தில் அவன் காதில் கையை வைத்துக் குனிந்தான்.

“ஒண்ணுமில்ல. மூடி போட்டாரான்னு பாரு.”

செவ்வாய்க்கிழமை காலையில் செல்லையன் அண்ணாச்சி வந்தார். அமரவிளையில் பாரம் ஏற்றுகிற வேலை என்றால் அவர்தான். சொந்தமாக இரட்டை மாட்டு வண்டி வைத்திருந்தார். மரம், கல், தேங்காய் எதை ஏற்றினாலும் அவர் வண்டியில் மாடு கழுத்தை அசைக்காமல் போகும் என்று பேர்.

முந்தின நாள் மாலை டிரெய்லரின் பக்கத்தில் ஒரு தகடு இருப்பதைப் பார்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தேன். நல்ல ரோடு என்றால் ஆயிரம் ராத்தல், ரோடு இல்லாத இடத்தில் அதில் பாதி என்று இங்கிலீஷில் இருந்தது. எங்கள் ரோடு இரண்டுக்கும் நடுவில். எஞ்சினும் அதன் பெரிய இரும்புச் சக்கரமும் சேர்ந்து எண்ணூறு ராத்தல் இருக்கும். எண்ணெய் டாங்கி, தண்ணீர் டிரம், பெல்ட் எல்லாவற்றையும் இன்னொரு நடைக்கு வைக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவன் முணுமுணுத்தான். வைத்துவிட்டான்.

செல்லையன் அண்ணாச்சியும் மில் ஆட்களும் கடப்பாரையும் தென்னந்தடியும் வைத்து எஞ்சினை ஏற்றினார்கள். அண்ணாச்சி எஞ்சினை அச்சுக்குச் சரியாக மேலே வைத்தார். கழற்றிய இரும்புச் சக்கரத்தை டிரெய்லரின் பின் ஓரத்தில் நிறுத்திக் கட்டினார். பிறகு ஜீப்பில் மாட்டுகிற டிரெய்லரின் மூக்குக் கம்பியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

“பாத்துக்க மோகனா. ரெண்டு வெரலு. உனக்க ஜீப்புக்கு இழுக்கியதே தெரியாது.”

மில் ஆட்கள் தலையாட்டினார்கள். மாட்டு வண்டியில் இதுதான் முறை. பாரம் கொஞ்சம் பின்னால் இருந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தாது. அமரவிளையில் பிறந்த யாரைக் கேட்டாலும் இப்படித்தான் வைப்பார்கள்.

எனக்கு அது தவறு என்று தெரிந்தது. மாடு நடக்கிற வேகத்தில் பாரம் பின்னால் இருந்தால் ஒன்றும் இல்லை. ஜீப் ஓடுகிற வேகத்தில் பின்னால் இருக்கிற கனம் சும்மா இருக்காது. ஒரு சின்னக் குழியில் பக்கவாட்டில் தள்ளினால் போதும், அது முழு வண்டியையும் வாலாட்ட வைக்கும். ஆறு பேர் சுற்றி நின்றார்கள். நான் அண்ணன் அருகில் போய் நின்றேன்.

“பின்னால கனம் கூடுதல், அண்ணா.”

“சரி மக்கா,” என்றான் அவன், கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே. கேட்கவில்லை. நான் திரும்பச் சொல்லவில்லை.

“நீயும் ஏறு,” என்றான். “நீ எடுத்த டயர். வழியில என்னவாவது ஆனா நீயே பாத்துக்க.”

செல்லையன் அண்ணாச்சி முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால், டிரெய்லரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அம்மா மில் வாசலில் நின்று என்னை மட்டும் பார்த்தாள்.

முந்தின இரவு பெய்த ஐப்பசித் துலா மழையில் ரோடு கறுத்துக் கிடந்தது. வழியெல்லாம் சுவர்களில் சுண்ணாம்பு எழுத்துகள் இன்னும் இருந்தன. எங்கள் தாலுகாவும் வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு எழுதியவை. சிலதில் அண்ணனின் கையெழுத்தை என்னால் கண்டுபிடிக்க முடியும். அவன் ‘ழ’வுக்குக் கால் நீளமாக இழுப்பான். அந்தச் சுவர்களைத் தாண்டும்போதெல்லாம் அவன் வேகத்தைக் கூட்டினான்.

உதியன்குளங்கரைக்கு அப்பால் ரோடு இறங்குகிறது. நான் திரும்பி ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். முப்பது மைலைத் தொட்டிருந்தது. மீண்டும் டிரெய்லரைப் பார்த்தேன். அதன் பின்பக்கம் இடது பக்கமாக ஒரு கை அளவு போனது. பிறகு வலது பக்கமாக இன்னும் கொஞ்சம் கூடுதலாக. திரும்ப இடது பக்கம் போனபோது ஜீப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தள்ளியது. என் இருக்கை எனக்குக் கீழே நகர்ந்தது. எதிரே, கீழேயிருந்து மேடேறி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அண்ணனின் கால் பிரேக்குக்குப் போவதைத் தோள் அசைவில் பார்த்தேன்.

“பிரேக் வேண்டாம்,” என்றேன். அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று பிறகு யோசித்தேன். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. “கால எடு. கிளச்சும் தொடாத. ஸ்டீயரிங்க நேரா பிடி. திருப்பாத.”

அவன் அப்படியே செய்தான். ஏன் என்று கேட்கவில்லை. டிரெய்லர் இன்னும் மூன்று தடவை ஆடியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. பஸ் எங்களைக் கடந்தபோது அது நேராக வந்துவிட்டிருந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னார். வாழ்த்து இல்லை.

இறக்கத்தின் அடியில் ஒரு பலாமரத்தின் கீழ் அண்ணன் ஜீப்பை ஓரமாக நிறுத்தினான். மூவரும் இறங்கினோம். அண்ணன் முதலில் டயரைப் பார்த்தான்.

“டயர் நல்லாத்தான் இருக்கு,” என்றேன். “பாரம்தான் தப்பு.”

செல்லையன் அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். “என்ன தப்பு? இருபது வருஷமா நான் ஏத்தியதுதான். ஒரு மாடு கால் மடக்கினதில்ல.”

“அண்ணாச்சி, நீங்க வெச்சது வண்டிக்குச் சரி. மாட்டுக்குக் கழுத்து உண்டு, நோவும். ஜீப்புக்குக் கழுத்து கிடையாது.”

அண்ணன் சிரிப்பை அடக்கினான். செல்லையன் அண்ணாச்சி ஜீப்பின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது போல.

“அப்பம் மூக்குல கனம் வரணும்னு சொல்லுதியா?”

“கொஞ்சம் வரணும். ஜீப்பு தாங்கும். மூக்குல கனம் இருந்தா டிரெய்லர் ஜீப்புக்கப் பின்னால அடங்கி வரும். பின்னால கனம் இருந்தா அது தன் இஷ்டத்துக்குப் போகும். நீங்க பைய போற ஆளு, அதனால இதுவரை உங்களுக்கு அது தெரிய வேண்டிய தேவை வரல்ல.”

“மோகனன் பைய போற ஆளில்ல,” என்றார் அவர். “அது சரியாக்கும்.”

“காலைல சொன்னியா இத?” என்று அண்ணன் கேட்டான்.

“சொன்னேன்.”

“கேக்கல்லியே மக்கா.”

“தெரியும். இனி ரெண்டு தடவை சொல்லுவேன்.”

டிரெய்லரை ஜீப்பின் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு, இரும்புச் சக்கரத்தின் கட்டை அவிழ்த்தோம். பலகையைச் சாய்த்து வைத்து, செல்லையன் அண்ணாச்சி அதைத் தனியாக மார்பில் தாங்கி இறக்கினார். எண்ணெய் பூசிய இரும்பு அவர் கையில் பிள்ளை மாதிரி இறங்கியது. எங்கே வேண்டும் என்று என்னைக் கேட்டார். முன் ஓரத்தில் படுக்கவைத்துக் கட்ட வேண்டும் என்றேன். நிறுத்தினால் உயரம் கூடும், வளைவில் சாயும். அவர் படுக்கவைத்தார். பிறகு கடப்பாரையால் எஞ்சினை ஒரு சாண் முன்னே நகர்த்தினார். நான் ஒரு சாண் என்றுதான் சொன்னேன். அவர் கையை விரித்து வைத்து அளந்து காட்டினார்.

“இப்பம் தூக்கிப் பாருங்க,” என்றேன்.

மூக்குக் கம்பியை அவர் இரண்டு கையாலும் பிடித்துத் தம் பிடித்துப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. அண்ணன் ஒரு பக்கம் பிடித்த பிறகுதான் ஜீப்பின் கொக்கிக்கு வந்தது.

“ரெண்டு வெரலு போயி ரெண்டு ஆளு ஆச்சு,” என்றார். “படிச்சவங்க ஏத்தினா இப்பிடித்தான்.”

“அடுத்த நடைக்கு நீங்களே ஏத்துங்க. இதுபோல.”

“ஏத்துவேன். ஆனா என் வண்டியில என் கணக்குத்தான், கேட்டியா.”

“அது உங்க மாட்டுக்குத் தெரியும்,” என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

“எத்தன மைல்ல போணும்?” என்று அண்ணன் கேட்டான். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, முன்னால் பார்த்தபடி. என்னிடம் அவன் இப்படி எதையும் கேட்டதில்லை.

இருபது என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். மெதுவாகப் போனால் கோடு வர நேரமாகும். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கும். இருபது என்பது என் கணக்கா, என் ஆசையா? பலாமரத்தடியில் நின்று மறுபடி கணக்குப் பார்த்தேன். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லை. அதன் கனத்தையும் ஜீப்பின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். ரோடு ஈரம். முப்பதில் போனால் நிற்பதற்கு, இருபதில் வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம் வேண்டும். முன்னால் வளைவுகள், மாடுகள், பாறசாலை ஜங்ஷன். கணக்கு எந்தப் பக்கமும் சாயாமல் ஒரே பதிலைத்தான் சொன்னது.

“சமநிலத்துல இருபத்தஞ்சு போலாம். இறக்கத்துல இருபது. இறக்கம் தொடங்குதுக்கு முன்னாடியே கியரக் குறைச்சிரணும். பாதியில வேண்டாம்.”

“முப்பது?”

“இப்பம் முப்பதுலயும் ஆடாது. ஆனா நிக்காது.”

அவன் தலையாட்டினான். “இந்த வேகத்துல போனா கேரளமும் பொறந்து, அதுக்குச் சோறு ஊட்டும்போதுதான் நாம போய்ச் சேருவோம்.”

ஆனால் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு குழிக்குப் பிறகும் நான் டிரெய்லரைப் பார்த்தேன். அது ஜீப்பின் தடத்திலேயே வந்தது. ஒரு இடத்தில் ரோட்டோரம் அரித்திருந்தது. வலது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. டிரெய்லர் ஒரு முறை குலுங்கி உடனே அடங்கியது. மொட்டை டயர் அந்த இடத்தில் அமுங்கி எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். நாலு பிளையாக இருந்திருந்தால் ரிம் கல்லில் இடித்திருக்கும். எனக்குள் ஏதோ ஒன்று நேராக உட்கார்ந்தது.

பாறசாலையில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். நான் இறங்கி இரண்டு டயரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. இரண்டும் ஒரே சூடு. சக்கரத்து நடு அச்சும் அப்படியே.

டீக்கடையில் அண்ணனைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவனோடு ஜெயிலில் இருந்த சுயம்பு அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார்.

“எலே மோகனா, எஞ்சினையும் கொண்டு போறியா? இடம் இருந்தா தாலுகாவையும் தூக்கி வெச்சுட்டுப் போ.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் சிரிப்பு முதலில் நின்றது.

“நீயும் வா,” என்றான்.

“நான் எங்க வர? எனக்க நிலம் இங்க. பிள்ளைகளு படிக்கியது இங்க. தமிழ் கிளாசுல வாத்தியாரு இல்லாம சும்மா இருந்துட்டு வருதுவ. இங்க நிக்கியதுக்கும் ஆளு வேணும்லா.”

அண்ணன் டீ கிளாசை வைத்துவிட்டு ஜீப்புக்கு வந்தான். சுயம்பு அண்ணன் என்னைப் பார்த்து, “படிச்சு முடிச்சாச்சா பிள்ளே?” என்று கேட்டார். ஆச்சு என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லக் கூடாது. அண்ணன் காதில்தான் அது முதலில் விழ வேண்டும்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை அதிக தூரமில்லை. அண்ணன் வேகத்தைக் கூட்டவில்லை. செல்லையன் அண்ணாச்சி இரண்டு தடவை திரும்பி டிரெய்லரைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை தூங்கிவிட்டார். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்தேன். நீளமாக வந்தது. காரணம், மன்னிப்பு, அவன் செய்ததெல்லாம், சுயம்பு அண்ணனின் பிள்ளைகள். வெட்டினேன். மறுபடி வெட்டினேன். பாரம் ஏற்றுவதும் இப்படித்தான். தேவையில்லாததை இறக்கிவிட வேண்டும், கனமானதை முன்னால் வைக்க வேண்டும்.

களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் தானாகவே ஜீப்பை நிறுத்தினான். ரோட்டோரம் மண் புதிதாகத் தோண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், ஒரே வேலி.

“இங்கதான்,” என்றான். “சர்வேக்காரங்க அளந்தத நான் பாத்தேன். ஒண்ணாம் தேதி இங்க போர்டு வரும்.”

இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டான். பிறகு இறங்கினான்.

“டயரப் பாரு மக்கா. கடைசி தடவை. இனி நம்ம நாட்டுலதான் நிப்பாட்டுவேன்.”

நான் இடது டயரின் பக்கத்தில் குத்தவைத்தேன். அவன் மறுபக்கம் போய், நான் செய்வது போலவே வலது டயரில் உள்ளங்கையை வைத்தான். டிரெய்லரின் அடியில் எங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது.

“சூடு எப்படி?” என்றேன்.

“ஒனக்கது மாதிரிதான்னு நெனைக்கேன். இளஞ்சூடு.” அவன் சிரித்தான். “நல்ல டயராக்கும் எடுத்த. நாளைக்கும் இதே டயரு, இதே வேகம். நீயும் அம்மையும் பேடிக்காம, பயமில்லாம வரலாம்.”

“அண்ணா.”

“ம்?”

சொன்னேன். சத்தம் மெதுவாகத்தான் வந்தது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தது. முன்சீட்டில் செல்லையன் அண்ணாச்சி அசைந்து கண் திறந்தார். நான் டயரிலிருந்து கையை எடுக்காமல், இரண்டாவது தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அண்ணா, நாளைக்கு நான் வரல்ல. ஒண்ணாம் தேதி நெய்யாற்றின்கரை ஸ்கூல்ல, தமிழ் டிவிஷனுக்கு டீச்சரா சேருறேன்.”